கண்ணாடித் தொட்டியில் மர்மச் சாவு! மருந்து ஊற்றும் முன் தண்ணீரைப் பாருங்கள்

மதுரை:

மீன் கொடி பறந்த ஊர் இது. மீன் போன்ற கண்ணுடையாள் ஆட்சி செய்யும் ஊர். இந்த ஊரில்தான் கண்ணாடித் தொட்டிக்குள் மீன்கள் கொத்துக் கொத்தாகச் சாகின்றன!

போலீசில் புகார் இல்லை. பிரேதப் பரிசோதனை இல்லை. செத்த மீனைக் காதும் காதும் வைத்தாற்போல் சாக்கடையில் வீசிவிட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே கடைக்குப் போய் அதே மீனை வாங்கி வருகிறார்கள். பத்தே நாளில் அதுவும் மல்லாந்து விடுகிறது.

"நேத்து ராத்திரிகூட நல்லா வெளாண்டுச்சுண்ணே. காலைல பாத்தா மெதக்குது!"

மீன் கடைக்காரர்கள் இந்தப் புலம்பலைக் கேட்காத நாள் இல்லை. உடனே நீல மருந்து பாட்டில் ஒன்று கை மாறும். "பத்து சொட்டு விடுங்க, சரியாப் போகும்" என்பார்கள். தொட்டி முழுக்க நீலமாகும். மறுநாள் மீதி மீனும் போய்ச் சேரும்.

மருந்து தப்பா? இல்லை. வியாதியே இல்லாத மீனுக்கு மருந்து கொடுத்தால் எப்படிப் பிழைக்கும்? தொட்டியில் சாகும் மீன்களில் பெரும்பாலானவை கிருமியால் சாவதில்லை. தண்ணீரால் சாகின்றன. தண்ணீரைக் கெடுக்கும் செடியால் சாகின்றன.

சாவு எத்தனை மணிக்கு?

கொலை வழக்கில் போலீசார் முதலில் கேட்பது, 'சம்பவம் எத்தனை மணிக்கு?' என்பதுதான். மீன் விஷயத்திலும் அதே கேள்வியில் பாதி துப்பு துலங்கிவிடும்.

தண்ணீர் மாற்றிய ஒன்றிரண்டு மணி நேரத்தில் பெரிசு, சிறிசு என்று பாராமல் எல்லா மீனும் துடிதுடித்து மேலே வருகிறதா? குற்றவாளி குளோரின்.

மதுரைக்குக் குடிதண்ணீர் கொடுப்பதில் 1959ல் திறக்கப்பட்ட வைகை அணைக்குப் பெரும் பங்கு உண்டு. அந்தத் தண்ணீரைச் சுத்தப்படுத்தி, குளோரின் கலந்துதான் குழாயில் விடுகிறார்கள். மனிதனுக்குக் காலரா வராமல் காப்பது அந்தக் குளோரின்தான். ஆனால் மீனுக்கு அது திராவகம். செவுள் வெந்துவிடும். நாம் மூக்கால் இழுக்கும் காற்றில் ஆசிட் புகை கலந்தால் எப்படியோ, அப்படி!

வெள்ளிக்கிழமை வீடு கழுவி விடுகிற மாதிரி தொட்டியையும் மொத்தமாகக் கவிழ்த்து, கூழாங்கல்லைத் தேய்த்து, குழாய்த் தண்ணீரை அப்படியே நிரப்புகிறவர்கள் பலர். "சுத்தமா வச்சிருக்கேன், அப்பவும் சாகுதே" என்று வருத்தப்படுவதும் இவர்களே!

வழி சுலபம். வாய் அகன்ற பாத்திரத்தில் தண்ணீரைப் பிடித்து ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் பறந்துவிடும். காற்று மோட்டார் குழாயை அதில் போட்டால் இன்னும் சீக்கிரம். அவசரம் என்றால், 'ஆன்டி குளோரின்' என்று கடையில் கிடைக்கும் கல்கண்டு போன்ற துகள் போதும். அது வேறொன்றும் இல்லை. பிலிம் கழுவிய காலத்தில் போட்டோ ஸ்டூடியோ இருட்டறையில் பயன்பட்ட அதே ஹைப்போதான்! எதுவானாலும் ஒரே தடவையில் கால்வாசித் தண்ணீருக்கு மேல் மாற்றக் கூடாது.

விடியற்கால மர்மம்

அடுத்த கேஸ். ராத்திரி நன்றாக இருந்த மீன் விடியற்காலையில் வாயைத் தண்ணீருக்கு மேலே நீட்டிப் 'பக், பக்' என்று காற்றைக் குடிக்கிறது. வெயில் ஏறியதும் சரியாகிவிடுகிறது. மறுநாளும் அதே கதை. மூன்றாம் நாள் பெரிய மீனாகப் பார்த்துச் சாகிறது.

இது மூச்சுத் திணறல் சாவு. செடி பகலில் வெளிச்சம் இருக்கும்போதுதான் பிராணவாயுவைக் கொடுக்கும். இருட்டியதும் அதுவும் மீனோடு போட்டி போட்டுக்கொண்டு பிராணவாயுவை இழுக்கும். விடியும் நேரத்தில் கஜானா காலி!

போதாக்குறைக்கு மதுரை வெயில். 20 டிகிரி சூட்டில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயுவைப் பிடித்து வைத்திருக்கும். 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராம்தான். சூடு ஏற ஏற மீனுக்குக் காற்று கூடுதலாக வேண்டும்; தண்ணீரிலோ காற்று குறைந்துகொண்டே போகும். அக்னி நட்சத்திரத்தில் ராத்திரி கரண்ட் போய் மோட்டார் நின்றால் கேட்கவே வேண்டாம்.

அந்த நேரத்தில் மருந்தைத் தேடி ஓட வேண்டியதில்லை. ஒரு சொம்பை எடுத்து, தொட்டித் தண்ணீரையே மொண்டு அரை அடி உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப ஊற்றினால் போதும். டீ ஆற்றுகிற வேலைதான்! சூட்டைத் தணிக்க ஐஸ் கட்டியை உள்ளே போடுகிறார்கள். அது கூடாது. திடீர்க் குளிர்ச்சியும் மீனைக் கொல்லும். மூடியைத் திறந்து வைத்து, பேனைத் திருப்பி விட்டாலே இரண்டு மூன்று டிகிரி இறங்கும்.

பைட்டர் மீனும் கௌராமியும் மேலே வந்து வாய் திறந்தால் பயப்பட வேண்டாம். காற்றை நேரடியாகக் குடிப்பது அவற்றின் பிறவிக் குணம். கரிமேடு மார்க்கெட்டில் விரால் மீன் தண்ணீரை விட்டு எடுத்த பிறகும் வெகுநேரம் துள்ளுகிறதே, அதே ரகசியம்தான்.

புதுத் தொட்டியின் விஷம்

மூன்றாவது கேஸ்தான் அதிகம். பிறந்தநாளுக்குப் புதுத் தொட்டி வாங்குகிறார்கள். அன்றைக்கே பதினைந்து மீன்! நான்காம் நாளில் ஆரம்பித்து, தினம் ஒன்று இரண்டாக, இரண்டாவது வாரத்துக்குள் தொட்டி காலி. பிள்ளைகள் அழுகை தாங்க முடியாது.

மீனின் கழிவும், தின்னாமல் விட்ட தீனியும் அம்மோனியா ஆகின்றன. அம்மோனியா கடும் விஷம். பழைய தொட்டியில் கூழாங்கல்லிலும் ஸ்பாஞ்சிலும் ஒட்டியிருக்கும் நல்ல பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவாகக் கெடுதல் செய்யாத நைட்ரேட்டாகவும் மாற்றிவிடும். புதுத் தொட்டியில் அந்தப் பட்டாளம் சேர நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அதற்குள் பதினைந்து மீனையும் இறக்கிவிட்டால் கதை முடிந்தது.

போர் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தண்ணீரில் காரம் ஏற ஏற அம்மோனியாவின் விஷமும் ஏறும். பி.எச். அளவு 7ல் இருந்து 8 ஆனால் விஷமான அம்மோனியாவின் பங்கு ஏறக்குறைய பத்து மடங்கு! கார்ப்பரேஷன் தண்ணீரில் பிழைத்த மீன், பக்கத்துத் தெருவில் போர் தண்ணீரில் சாவது இதனால்தான். இதற்கெல்லாம் 'ராசி இல்லாத வீடு' என்று பழி போடுவது அநியாயம்.

செவுள் சிவந்து, துடுப்பை மடக்கிக்கொண்டு ஒரு மூலையில் மீன் ஒடுங்கினால் தீனியை நிறுத்துங்கள். இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் மீன் சாகாது; தின்றுதான் சாகிறது! தினமும் கால்வாசித் தண்ணீரை மாற்றுங்கள். தெரிந்தவர் வீட்டில் நோயில்லாத பழைய தொட்டி இருந்தால், அதன் அழுக்கு ஸ்பாஞ்சில் ஒரு துண்டு வாங்கிப் போடுங்கள். அந்த அழுக்கில்தான் பட்டாளம் இருக்கிறது. அதைக் குழாயடியில் வைத்துத் தேய்த்துக் கழுவி விட்டால், பட்டாளத்தையே குளோரின் ஊற்றிக் கொன்ற மாதிரி.

செடி வேடத்தில் எமன்

தண்ணீரும் சரி, காற்றும் சரி, தொட்டியும் பழசு. அப்படியும் மீன் சாகிறதா? செடியைப் பாருங்கள்.

பச்சைப் பசேலென்று தண்ணீருக்குள் நின்றால் தண்ணீர்ச் செடி என்று நம்பிவிடுகிறோம். கடைத் தொட்டியில் நிற்கும் சில செடிகள் தண்ணீருக்குள் வளரவே வளராத தரைச் செடிகள்! 'லக்கி பேம்பூ' என்று விற்பது மூங்கிலே அல்ல. டிரசீனா என்னும் தரைச் செடி. வேர் மட்டும் தண்ணீரில் இருந்து, இலை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பிழைக்கும். முழுக்க மூழ்கினால் அழுகும். வீட்டு வராந்தாவில் தொங்கும் ஸ்பைடர் பிளான்ட், பல வண்ணக் கோலியஸ் எல்லாமே இந்த ரகம். டிபன்பேக்கியாவோ அதற்கும் மேலே. அதன் பால் மனிதன் வாயில் பட்டாலே நாக்கு வீங்கும்.

இந்தச் செடிகள் உடனே சாவதில்லை. அதுதான் ஆபத்து. இரண்டு மூன்று வாரம் பச்சையாகவே ஏமாற்றும். பிறகு அடித்தண்டு கொழகொழத்து, அழுகல் தண்ணீரில் இறங்கும். அழுகல் பிராணவாயுவைத் தின்னும், அம்மோனியாவைக் கக்கும். மீன் சாகும். வாங்கி மூன்று வாரம் ஆகிவிட்டதால் செடி மேல் யாருக்கும் சந்தேகமே வராது!

கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. செடியைத் தண்ணீரை விட்டு வெளியே தூக்குங்கள். தண்ணீருக்குள்ளேயே வளர்ந்த செடி ஈரத் துணி மாதிரி தொங்கிவிடும். தண்ணீர் தாங்கிப் பிடிப்பதால் அதன் தண்டுக்கு முதுகெலும்பு தேவைப்படவில்லை. தரைச் செடி குச்சி மாதிரி நிமிர்ந்து நிற்கும். இலையில் மெழுகு பூசிய மினுக்கு இருக்கும். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடும்.

இதற்கு விலக்கும் உண்டு. அனுபியாஸ், ஜாவா பெரணி இரண்டும் விறைப்பான இலை கொண்டவை. ஆனாலும் தண்ணீரில் நன்றாக வாழும். ஆனால் அவற்றின் கிடைத்தண்டை மணலில் புதைத்தால் அழுகிவிடும். கல்லிலோ கட்டையிலோ நூலால் கட்டிவிட வேண்டும். அமேசான் வாள் செடி வாங்கி ஒரே வாரத்தில் இலை கரைகிறது என்று பிடுங்கி எறிகிறார்கள். பொறுக்க வேண்டும். அதை நர்சரியில் காற்றில் வளர்த்திருப்பார்கள். பழைய இலை கரைந்து, தண்ணீருக்கு ஏற்ற புது இலை நடுவிலிருந்து வரும். கரைந்த இலையை மட்டும் கிள்ளி எடுத்தால் போதும்.

நம்ம ஊர் பாசி

காசு கொடுத்து வெளிநாட்டுச் செடி வாங்குகிறவர்களுக்குத் தெரியாத சங்கதி, நம் கண்மாய்ச் செடிகளே தொட்டிக்கு முதல் தரம் என்பது.

வேலம்பாசியை எடுத்துக்கொள்ளுங்கள். 'ஹைட்ரில்லா' என்று விஞ்ஞானிகள் சொல்வது இதைத்தான். தண்டைச் சுற்றி ஒரே கணுவில் 3 முதல் 8 இலை வரை வட்டமாக நிற்கும். இரண்டு விரலால் உருவினால் இலை ஓரம் ரம்பம் மாதிரி சொரசொரக்கும். இதே ஜாடையில் கடையில் இருக்கும் 'ஈலோடியா' வழவழப்பாக இருக்கும். வேலம்பாசிக்கு உரம் வேண்டாம், மணல்கூட வேண்டாம். மீன் கழிவிலுள்ள அம்மோனியாவை உறிஞ்சியே மளமளவென்று வளரும். புதுத் தொட்டிக்கு இதைவிட நல்ல காவல்காரன் கிடையாது.

நாட்டு மருந்துக் கடையில் ஞாபக சக்திக்கு விற்கும் நீர்ப்பிரமியும் தொட்டிச் செடிதான். எதிரெதிராக ஜோடி ஜோடியாகத் தடித்த சின்ன இலை இருந்தால் அதுவே. 'பகோபா' என்று பெயரை மாற்றிக் கடையில் வைத்ததும் விலை ஏறிவிடுகிறது! ரிப்பன் போல் நீண்டு மேலே வந்து மிதக்கும் வாலிசினேரியாவும், கிழங்கிலிருந்து முளைக்கும் கொட்டியும் நம் மண்ணுக்குச் சொந்தம்.

ஆனால் கண்மாயில் பிடுங்கி நேரே தொட்டியில் போட்டால் கூடவே வினையும் வரும். நத்தை வரும். குஞ்சு மீனை விழுங்கும் தட்டான் புழு வரும். மீன் பேனின் முட்டை ஒட்டிக்கொண்டு வரும். சாக்கடை கலக்கிற கண்மாய்ச் செடி என்றால் தொடவே வேண்டாம். நல்ல இடத்துச் செடியானாலும், பொட்டாசியம் பெர்மாங்கனேட்டை இளஞ்சிவப்பு நிறம் வருகிற அளவு மட்டும் கரைத்து, பத்து நிமிடம் முக்கி அலசி, மீன் இல்லாத வாளியில் இரண்டு வாரம் போட்டு வைக்க வேண்டும்.

எதற்கு இரண்டு வாரம்? அதற்குக் காரணம் ஒரு கொலைகாரன்.

புள்ளி குத்தும் கொலையாளி

தூள் உப்பைத் தூவிய மாதிரி மீன் உடம்பிலும் துடுப்பிலும் வெள்ளைப் புள்ளி. மீன் கல்லில் உரசி உரசிச் சொரிந்துகொள்கிறது. இதுதான் வெண்புள்ளி நோய். கடைக்காரர்கள் சுருக்கமாக 'இக்' என்பார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் ஒட்டுண்ணி இது. 1876லேயே பூக்கே என்ற பிரெஞ்சு விஞ்ஞானி இதற்குப் பெயர் சூட்டிவிட்டார். அதன் லத்தீன் பெயருக்கு, ஏராளமாகப் பிள்ளை பெறும் மீன் பேன் என்று அர்த்தம். சரியான பெயர்தான்!

மீன் தோலுக்கு அடியில் புகுந்து தின்று கொழுத்தபின் ஒட்டுண்ணி கீழே விழும். கல்லிலோ செடியிலோ ஒட்டிக்கொண்டு கூடு கட்டும். கூட்டுக்குள் ஒன்று நூற்றுக்கணக்காகப் பிரியும். கூடு உடைந்ததும் அத்தனையும் நீந்தி மீனைத் தேடும். ஒன்றிரண்டு நாளில் மீன் கிடைக்காவிட்டால் செத்துப்போகும். செடியை மீன் இல்லாத வாளியில் வைக்கச் சொல்வது இதற்குத்தான். பட்டினி போட்டுக் கொல்வது!

தோலுக்கு அடியில் இருக்கும்போதும் கூட்டுக்குள் இருக்கும்போதும் எந்த மருந்தும் அதைத் தொடாது. நீந்தும்போது மட்டும்தான் மருந்து வேலை செய்யும். மூன்றாம் நாள் புள்ளி உதிர்ந்ததும் "சரியாப் போச்சு" என்று மருந்தை நிறுத்துகிறோமே, அப்போதுதான் கீழே கூட்டுக்குள் நூறு, இருநூறு என்று பெருகிக்கொண்டிருக்கும். ஒரே வாரத்தில் பட்டாளமாகத் திரும்பி வரும். அப்போது மீன் தாங்காது. நம் ஊர் சூட்டில் இந்தச் சக்கரம் ஒரு வாரத்துக்குள் சுற்றி முடிந்துவிடும். ஆகவே புள்ளி மறைந்த பிறகும் மருத்துவம் தொடர வேண்டும். மொத்தம் பத்து நாள் முதல் இரண்டு வாரம் வரை.

மருந்து எது? கீழமாசி வீதியில் மூட்டை மூட்டையாக இறங்கும் சாதாரணக் கல் உப்பு! லிட்டருக்கு 2 முதல் 3 கிராம். 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத் தொட்டியில் கல், மேல் இடைவெளி போக சுமார் 45 லிட்டர் நிற்கும். 90 கிராம் உப்பை எடை போட்டு, தனியாகக் கரைத்து, மூன்று பங்காக ஒரு நாள் முழுக்கச் சிறுகச் சிறுக விட வேண்டும். கை நிறைய அள்ளிப் போட்டால் மருந்து விஷமாகிவிடும். தண்ணீர் சூட்டை மெல்ல மெல்ல 30 டிகிரிக்குக் கொண்டு போவதும் நல்லது. மதுரைக் கோடையில் அதற்கு ஹீட்டர்கூட வேண்டியதில்லை. அப்போது காற்று மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கட்டும்.

செடி உப்பைத் தாங்காது; வாளிக்கு மாற்றிவிடுங்கள். செதில் இல்லாத கெளுத்தி வகையும் அயிரை வகையும் உப்பைக் கண்டால் துடிக்கும். அவற்றுக்குப் பாதி அளவுதான்.

நீல மருந்தான மெத்திலீன் புளூ, முட்டையில் பூஞ்சை பிடிக்காமல் காப்பதற்கு நல்லது. ஆனால் தொட்டியில் ஊற்றினால் நல்ல பாக்டீரியாவும் சாகும், செடியும் சாகும். பச்சை மருந்தான மலாக்கைட் கிரீன் வெண்புள்ளியைக் கொல்லும். ஆனால் புற்றுநோய் சந்தேகத்தால், தின்னும் மீனுக்கு அதைத் தொடக்கூடாது என்று அமெரிக்காவும் ஐரோப்பாவும் தடை போட்டிருக்கின்றன. அழகு மீனுக்கு வாங்கியதைத் தோட்டத்துக் குட்டை மீனுக்கு ஊற்றிவிடாதீர்கள்.

எது எந்த நோய்?

பஞ்சு ஒட்டிய மாதிரி இருந்தால் பூஞ்சை. பெரும்பாலும் அடிபட்ட காயத்தில் வருவது. துடுப்பு ஓரம் கிழிந்து கிழிந்து தேய்ந்தால் துடுப்பு அழுகல். இந்த இரண்டும் ஆரம்பத்தில் தண்ணீரை ஒழுங்காக மாற்றினாலே பாதி குணமாகும். உடம்பில் தட்டையாகப் பொட்டு மாதிரி ஒன்று ஒட்டிக்கொண்டு நகர்ந்தால் மீன் பேன். கம்பி மாதிரி நீட்டிக்கொண்டிருந்தால் நங்கூரப் புழு. மீனை ஈரத் துணியில் பிடித்து, இடுக்கியால் மெதுவாக எடுக்கலாம்.

வயிறு வீங்கி, மேலிருந்து பார்த்தால் செதில்கள் அன்னாசிப்பழம் மாதிரி விரிந்து நின்றால் உள்ளே சிறுநீரகம் கெட்டுவிட்டது. அந்த மீன் பிழைப்பது அரிது. உடனே தனியாக எடுத்துவிடுவது மற்ற மீனுக்கு நல்லது.

மெடிக்கல் ஷாப்பில் டெட்ராசைக்ளின் மாத்திரை வாங்கி உடைத்துக் கொட்டும் பழக்கம் ஊர் முழுக்க இருக்கிறது. வெண்புள்ளிக்கும் பூஞ்சைக்கும் அது ஒன்றும் செய்யாது. அவை பாக்டீரியா அல்ல. தொட்டியைக் காக்கும் பாக்டீரியாதான் சாகும். தப்பிப் பிழைக்கும் கெட்ட கிருமி மருந்துக்கு மசியாததாக மாறும். நாளைக்கு அதே கிருமி மனிதனிடம் வந்தால் டாக்டர் என்ன செய்வார்?

நாட்டை உலுக்கிய புண்

மீன் நோய் வீட்டுத் தொட்டியோடு நிற்கும் சமாச்சாரம் இல்லை. 1988ல் நாடே கண்டது.

அதற்கு முந்தைய ஆண்டு இலங்கையில் தலைகாட்டிய நோய், 1988ல் வங்கதேசத்தில் பரவி, அதே ஆண்டு மே மாதம் அசாம், திரிபுரா, மேகாலயா, மேற்கு வங்கத்துக்குள் நுழைந்தது. விரால், கெண்டை மீன்களின் உடம்பில் சிவப்புப் புள்ளி விழும். அது புண்ணாகி, சதை அழுகி, எலும்பு தெரியும். மீன் தின்றால் மனிதனுக்கும் வரும் என்று வதந்தி பரவி மீன் மார்க்கெட்டுகள் ஈ ஓட்டின. மனிதனுக்கு அது தொற்றாது. ஆனால் புண் பிடித்த மீனை யார் வாங்குவார்? மீனவர் வயிற்றில் அடி! சில ஆண்டுகளில் நோய் தெற்கே தமிழ்நாடு, கேரளா வரை வந்து சேர்ந்தது.

காரணம், 'அபனோமைசிஸ் இன்வேடன்ஸ்' என்ற பூஞ்சை போன்ற நுண்ணுயிர். குளத்துக்குச் சுண்ணாம்பு போடுவது கைகொடுத்தது. புவனேஸ்வரத்தில் உள்ள மத்திய நன்னீர் மீன் வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் 'சிபாக்ஸ்' என்ற மருந்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தது. நாடு விட்டு நாடு இந்த நோய் பாய்ந்ததற்கு அழகு மீன் வியாபாரமும் ஒரு வழியாக இருந்திருக்கலாம் என்பது ஆராய்ச்சியாளர்களின் சந்தேகம்.

மீன் ஆராய்ச்சியில் மதுரைக்கே பெயர் உண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பேராசிரியர் டி.ஜே.பாண்டியன், 1984ல் பட்நாகர் விருது பெற்றவர். கடையில் ஜோடியாக விற்கும் டைகர் பார்ப், ரோசி பார்ப் போன்ற சின்ன மீன்களை வைத்துத்தான் அவரது குழு உலகம் பேசும் மரபணு ஆராய்ச்சிகளைச் செய்தது. செத்து, உறைகுளிரில் வைத்த மீனின் விந்தணுவிலிருந்துகூட உயிருள்ள மீனை உண்டாக்கிக் காட்டினார்கள்! நோய் பார்க்க வேண்டுமென்றால் தூத்துக்குடியில் 1977ல் தொடங்கிய மீன்வளக் கல்லூரி இருக்கிறது. நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகம் 2012ல் வந்தது. தோட்டத்துக் குட்டையில் மீன் வளர்ப்பவர்கள் மொத்தமாக மீன் சாகும்போது மீன்வளத் துறை அலுவலகத்தில் சொல்வது நல்லது. ஒரு தங்க மீனைத் தூக்கிக்கொண்டு தூத்துக்குடி பஸ் ஏற முடியாதுதான்!

வைகையில் விடாதீர்கள்

செத்துக்கொண்டிருக்கும் மீனைப் பார்க்கப் பரிதாபமாக இருக்கிறது. "பாவம், எங்கயாச்சும் போய்ப் பொழைக்கட்டும்" என்று கண்மாயிலோ வைகையிலோ தெப்பக்குளத்திலோ விட்டுவிடுகிறார்கள். புண்ணியம் என்று நினைப்பு. நோயும் ஒட்டுண்ணியும் சேர்ந்தே இறங்குகின்றன என்பதை யோசிப்பதில்லை.

மதுரைக்காரனுக்கு அயிரை என்றால் உயிர். உயிரோடு நீந்துவதை அப்படியே அளந்து வாங்கி, குழம்பு வைத்து, ஊருக்கு வந்த மாப்பிள்ளைக்குப் போடும் மீன் அது. ஆற்று மணலிலும் கண்மாய் அடியிலும் வாழும் இந்தச் சின்ன மீனுக்குக் கூட வரும் விருந்தாளிகளைப் பாருங்கள். 'டேங்க் கிளீனர்' என்று இரண்டு அங்குலத்தில் வாங்கும் சக்கர் மீன் ஒரு அடிக்கு மேல் வளரும். தொட்டியில் இடம் போதாமல் ஆற்றில் விடுகிறார்கள். முள் கவசம் உடம்பு முழுக்க! தமிழ்நாடு, கேரளா, வங்காளம் என்று பல இடங்களில் நீர்நிலைகளில் பெருகி, மீனவர் வலையைக் கிழிக்கிறது. ஆப்பிரிக்கக் கெளுத்தியோ எதிர்ப்பட்டதை எல்லாம் விழுங்கும். 2000ஆம் ஆண்டிலேயே மத்திய அரசு அதன் வளர்ப்புக்குத் தடை போட்டது.

செடியும் அப்படித்தான். கண்மாயை மூடிக் கிடக்கும் வெங்காயத்தாமரையைப் பாருங்கள். பத்திரிகைகள்கூட ஆகாயத்தாமரை என்றே எழுதுகின்றன. அது வேறு, இது வேறு. முட்டைக்கோஸ் விரிந்த மாதிரி, காம்பு இல்லாமல், வெல்வெட் இலையோடு இருப்பது ஆகாயத்தாமரை. காம்பு வெங்காயம் மாதிரி ஊதி, ஊதாப் பூ பூப்பது வெங்காயத்தாமரை. தென் அமெரிக்காவில் பிறந்த இந்தச் செடி, பூவின் அழகுக்காகத்தான் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வங்காளத்தில் வந்து இறங்கியது. இன்றைக்கு அதை அள்ள பொக்லைன் தேவைப்படுகிறது. நம் வேலம்பாசியும் சும்மா இல்லை. 1950களில் மீன்தொட்டி வியாபாரம் வழியாக அமெரிக்காவின் புளோரிடாவுக்குப் போய், அங்குள்ள ஏரிகளை அடைத்துக்கொண்டிருக்கிறது. இங்கே நல்ல பிள்ளை, அங்கே ரவுடி!

செத்த மீனைச் சாக்கடையில் போட்டாலும் அது வைகைக்கோ கண்மாய்க்கோ தான் போய்ச் சேரும். தோட்டத்தில் ஒரு சாண் ஆழத்துக்குக் குழி தோண்டிப் புதைத்தால் செடிக்கு உரம். கழித்த செடியை மொட்டை மாடி வெயிலில் காயப் போட்டு எரு ஆக்கலாம்.

கையில் வெட்டுக்காயம் இருக்கும்போது தொட்டிக்குள் கையை விடக்கூடாது. மீன்தொட்டித் தண்ணீரில் இருக்கும் ஒரு வகை பாக்டீரியா, காசநோய்க் கிருமிக்குப் பங்காளி. காயத்தில் புகுந்தால் விரலில் ஆறாத கட்டி வரும்; மாதக்கணக்கில் மருந்து சாப்பிட வேண்டியிருக்கும். அப்படிக் கட்டி வந்து டாக்டரிடம் போகிறவர்கள், வீட்டில் மீன்தொட்டி இருப்பதை மறக்காமல் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவருக்குச் சந்தேகமே வராது.

சென்னை கொளத்தூரிலிருந்து தமிழ்நாடு முழுவதற்கும் அழகு மீன் போகிறது. புதிதாக வாங்கும் மீனை அந்தப் பிளாஸ்டிக் பையோடு இருபது நிமிடம் தொட்டித் தண்ணீரில் மிதக்க விட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரைக் கலந்து, மீனை மட்டும் வலையில் எடுத்து விட வேண்டும். பைத் தண்ணீர் உள்ளே போகக் கூடாது. முடிந்தால் இரண்டு வாரம் வேறு தொட்டியில் வைத்துப் பார்ப்பது நல்லது. ஏற்கனவே சாவு விழுந்த தொட்டி என்றால், வலை, வாளி, குழாய் எல்லாவற்றையும் மதுரை வெயிலில் ஒரு முழு நாள் காயப் போட்ட பிறகுதான் அடுத்த மீன்.